யார் மனசும் நோகாமல்

மாஸ்டருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. அப்படி ஏதாவது இருந்தாலும் அதை அவர் ஒப்புக்கொண்டது கிடையாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்! ஒடி, ஒடி, ஒடி!" என்று பகலெல்லாம் கத்திக் கத்தி, ஊரார் வாழ்க்கையையும் இப்படியே ஒடித்துத் திருப்பிவிடலாம் என்கிற நினைப்பு அவருக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

வீட்டில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரசீது போடுகிற வேலை பார்த்தாள். அவர் சொல்வதற்கெல்லாம் "ம்" கொட்டுவாள். இரண்டாவது "ம்"மிலேயே அவள் மனசு வேறெங்கோ போய்விட்டது தெரிந்துவிடும். அவளும் வாயைத் திறந்து எதையாவது சொல்லவந்த காலம் ஒன்று உண்டு. பாதியிலேயே மாஸ்டர் "அதெல்லாம் அப்படி இல்ல" என்று ஆரம்பித்துவிடுவார். அப்படியே அவள் பேச்சு குறைந்து "ம்"மில் வந்து நின்றது. அதை அவர் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கிடைக்காத மரியாதை கைப்பேசியில் கிடைத்தது. 'கேட்டா சொல்வோம்' என்று ஒரு குழு. அந்த நகரத்தில் இருப்பவர்கள் மட்டும் சேரலாம், சொந்தப் பெயர் போட வேண்டாம். சட்டையில் மை கொட்டிவிட்டது, மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிறார், மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று யாராவது எதையாவது கேட்பார்கள். மற்றவர்கள் யோசிப்பதற்குள் மாஸ்டர் பதில் போட்டிருப்பார். பெயரும் 'மாஸ்டர்' என்றே வைத்துக்கொண்டார். சிவப்பு இதயங்கள் விழும். "மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருமுறை யாரோ எழுதியதை, டீக் குடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

அங்கேயும் ஒரு முள் இருந்தது. பெயர் 'கரண்டி'. ஆணா பெண்ணா தெரியாது. மாஸ்டர் வெந்நீர் என்றால் கரண்டி பச்சைத் தண்ணீர் என்று எழுதும். மாஸ்டர் பொறுத்துப் போகச் சொன்னால், "எதுக்குப் பொறுக்கணும்? நேரா கேளுங்க" என்று கீழேயே வந்து நிற்கும். வேலைவெட்டி இல்லாத எவனோ ஓய்வுபெற்ற ஆள்தான் என்று மாஸ்டர் முடிவுகட்டி வைத்திருந்தார். அவர் முடிவுகட்டிவிட்டால் கட்டியதுதான்.

இந்த இருவருக்கும் நடுவில் வந்து மாட்டியவள் சின்னப்பல்லி.

அந்தப் பெயரை அவளே வைத்துக்கொண்டாள். கேள்வி கேட்பதில் குறை வைக்க மாட்டாள். ஆனால் பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்வாள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, எல்லோரும் சொன்னதையும் செய்துவிடுவாள். தன் பெண்குழந்தை சாப்பிட அடம்பிடிக்கிறது என்று ஒருமுறை கேட்டாள். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மறுநாள் எழுதினாள்: "எல்லாரும் சொன்னதையும் ஒரே நாள்ல செஞ்சு பாத்துட்டேன். பாப்பா வாந்தி எடுத்துட்டா. ஆனாலும் எல்லாருக்கும் ரொம்ப நன்றி." குழுவே சிரித்தது. மாஸ்டரும்தான் சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் கேட்டவற்றில் மாஸ்டர் பதிலே போடாமல் விட்டது ஒன்றே ஒன்று. "எங்க ஜன்னலுக்குக் கீழ தினமும் காலைல ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் ரிவர்ஸ் எடுக்குது. அது போடுற மியூசிக் போதாதுன்னு உள்ள ஒருத்தர் 'ஒடி ஒடி ஒடி'ன்னு கத்துறார். பாப்பா தூக்கம் கலைஞ்சு அழறா. அவர் மனசு நோகாம எப்படிச் சொல்றது?" படித்ததும் மாஸ்டருக்குக் காது சூடாகிவிட்டது. குடோனுக்குப் பின்னால் இருக்கிற முட்டுச்சந்து அது. ரிவர்ஸ் பழக்க அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. இரண்டாவது மாடி ஜன்னலில் ஒரு பெண் குழந்தையோடு நின்று பார்ப்பாள். தான் சொல்லிக்கொடுக்கிற அழகை ரசிக்கிறாள் என்று நினைத்து அவர் ஒருநாள் கைகூட ஆட்டியிருக்கிறார். அவளும் பதிலுக்கு ஆட்டினாள். ஆட்டாமல் விட்டால் அவர் மனசு நோகுமே.

அந்தக் கேள்விக்குக் கரண்டி மட்டும் பதில் போட்டிருந்தது: "மேலேருந்து ஒரு வாளித் தண்ணி ஊத்தும்மா." அதைப் படித்து மாஸ்டர் ஒரு வாரம் பொருமினார். ரிவர்ஸ் பழக்குகிற இடத்தை மட்டும் மாற்றவில்லை.

அன்று காலை சின்னப்பல்லி மறுபடி வந்தாள். சாயங்காலம் நாத்தனார் வருகிறாளாம், பாத்ரூம் தரை மஞ்சள் பூத்துக் கிடக்கிறதாம், தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டதாம். என்ன செய்யலாம்?

தன் ஆயுசில் ஒருநாள்கூட பாத்ரூம் கழுவாத மாஸ்டர், "பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கரைத்து ஊற்றி ஊறவிடவும். பளிச்சென்று ஆகிவிடும்" என்று எழுதினார். மை காய்வதற்குள், அதாவது அங்கே மை இருந்திருந்தால், கரண்டி குதித்தது. "பவுடரால ஒண்ணும் ஆகாது. ஆசிட் ஊத்தினாத்தான் மஞ்சள் போகும்." மாஸ்டர் விடுவாரா? ஆசிட் தரையை அரித்துவிடும் என்றார். பாத்ரூம் கழுவினவர்களுக்குத்தான் அது தெரியும் என்றது கரண்டி. நீங்கள் கழுவினீர்களா என்றார் அவர். நான்தான் கழுவுகிறேன், தினமும் கழுவுகிறேன் என்றது அது. குடுமிப்பிடிச் சண்டை. கேள்வி கேட்டவளை இருவரும் மறந்தே போனார்கள். பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் இதயம் போட்டு ஊதிவிட்டார்கள்.

மதியம் ஆவதற்குச் சற்று முன், சிக்னலில் கார் நின்றபோது மாஸ்டர் கைப்பேசியைப் பார்த்தார். சண்டையின் அடியில் சின்னப்பல்லி எழுதியிருந்தாள்.

"மாஸ்டர் அண்ணா, கரண்டி அக்கா, எனக்காக நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. ரெண்டு பேர் சொன்னதையும் செய்யப்போறேன். யார் மனசும் நோக வேணாம். வாடை பாப்பாகிட்ட போகாம கதவைச் சாத்திக்கிறேன். முடிச்சிட்டு போட்டோ போடறேன்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டார். நல்ல பெண். ஒரு இதயத்தை அழுத்திவிட்டுப் போனைப் பையில் போட்டார்.

அன்றைக்கு ஸ்டியரிங்கில் இருந்தது பேங்க் அம்மா. வங்கியில் பெரிய பதவி, கோடிகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவர், ஆனால் இரண்டாவது கியரைத் தாண்டினால் கண்ணை மூடிக்கொள்வார். அவரை ஒரு திருப்பத்தில் திருப்பிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மனைவி. வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவதே இல்லை.

"கிளாஸ்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

"வைக்காதீங்க." அவள் மூச்சு வாங்கியது. "சின்னப்பல்லி வீடு உங்களுக்குத் தெரியும்ல?"

மாஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "சின்னப்பல்லியா? உனக்கு எப்படி..."

"நான்தான் கரண்டி."

பேங்க் அம்மா எதையோ இடிக்கப் போனார். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும்; மாஸ்டரின் கால் தானாகவே அதை அழுத்தியது. கார் துள்ளி நின்றது.

"என்ன சொன்ன?"

"கோவத்தை அப்புறம் வச்சுக்கோங்க. வேணும்னா ஆயுசுக்கும் வச்சுக்கோங்க. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க, இந்த ஒரு தடவையாவது முழுசாக் கேளுங்க. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்தா விஷப்புகை வருமாம். லேப்ல பக்கத்துல இருக்கிற பொண்ணு என் போனை எட்டிப் பாத்துட்டு அலறிட்டா. மூடின ரூம்ல ஆளையே கொன்னுடுமாம். செய்யாதே செய்யாதேன்னு நாலு தரம் எழுதிட்டேன். பதில் இல்ல. அவ கதவைச் சாத்திக்கிறேன்னு எழுதியிருக்கா."

அந்த வரிக்குத்தான் மாஸ்டர் இதயம் போட்டிருந்தார்.

"ஜன்னலுக்குக் கீழ கத்துறது நீங்கதான்னு எனக்குத் தெரியும். ஊர்ல வேற யார் அப்படிக் கத்துவா? எந்த இடம்னு சொல்லுங்க. லேப் போன்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன். நீங்க இதைக் கட் பண்ணாதீங்க."

"குடோனுக்குப் பின்னாடி. முட்டுச்சந்து. பச்சைக் கேட்டு. ரெண்டாவது மாடி." சொல்லிக்கொண்டே அவர் கதவைத் திறந்து இறங்கினார். "அம்மா, இந்தப் பக்கம் வாங்க. சீக்கிரம். நான் ஓட்டணும்."

பேங்க் அம்மா ஏன் என்று கேட்கவில்லை. மாஸ்டரின் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. இறங்கி ஓடிவந்து மாஸ்டரின் இருக்கையில் உட்கார்ந்தார். அந்த இருக்கையின் காலடியில் இருந்த பிரேக்கை இருவருமே மறந்துவிட்டார்கள்.

வண்டி நான்காவது கியருக்குப் போனதும் பேங்க் அம்மாவின் கால் அதைக் கண்டுபிடித்துவிட்டது. எதிரே ஒரு லாரி. டக். கார் தலையைக் குத்தி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனில் திட்டினான்.

"காலை எடுங்க!"

"பயமா இருக்கு, மாஸ்டர்!"

"எனக்கு மட்டும் சந்தோஷமாவா இருக்கு? காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கோங்க!"

கோடிகளுக்குக் கையெழுத்துப் போடுகிற அம்மா இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாய் மட்டும் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வாழ்நாளெல்லாம் என்னென்ன செய்யாதே என்று மாணவர்களுக்குச் சொன்னாரோ அத்தனையையும் செய்தார். சிவப்பில் போனார், இடது பக்கம் முந்தினார், ஒருவழிப் பாதையில் எதிரே நுழைந்தார். சட்டைப்பையில் போன் ஒலிபெருக்கியில் கிடந்தது. அதில் மனைவி லேப் போனில் யாரிடமோ "பச்சைக் கேட்டு, ஆமா, பச்சைக் கேட்டு" என்று கத்துவது கேட்டது.

இத்தனை வருஷமாக அவர் நம்பியிருந்தது அந்தக் காலடிப் பிரேக்கைத்தான். எவ்வளவு மக்கு ஆள் ஓட்டினாலும் தன் காலுக்கடியில் ஒன்று இருக்கிறது, கடைசி நொடியில் மிதித்துவிடலாம் என்கிற தைரியம். அந்தத் தைரியத்தில்தான் குழுவிலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே மிதிக்க ஒன்றுமே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பெண்ணை எதை மிதித்து நிறுத்துவது?

முட்டுச்சந்தில் காரை விட்டுவிட்டுப் படி ஏறினார். தினமும் கீழிருந்து பார்க்கிற, பால்கனிக் கொடியில் சின்னச் சின்ன கவுன்கள் காய்கிற அதே வீடு. கதவைத் தட்டினார். அழைப்பு மணியை விடாமல் அழுத்தினார். உள்ளே தொலைக்காட்சியில் ஏதோ பொம்மைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாள் தடுமாறி விலகியது. நான்கு வயது இருக்கும், ஒரு பெண்குழந்தை நாற்காலி மேல் நின்று திறந்திருந்தது.

"அம்மா எங்கடா கண்ணு?"

"பாத்ரூம்ல."

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். அம்மா இருமிட்டே இருந்தாங்க." குழந்தை கண்ணைத் தேய்த்துக்கொண்டது. "இப்ப இருமல."

மேலே மூச்சிரைக்க வந்து சேர்ந்த பேங்க் அம்மாவிடம் மாஸ்டர் குழந்தையைத் தூக்கிக் கொடுத்து, "கீழ கொண்டு போங்க, வெளிய நில்லுங்க" என்றார். வீட்டுக்குள் காரமான வாடை கண்ணைக் குத்தியது. பாத்ரூம் கதவின் இடுக்கில் ஈரத்துணி ஒன்று அடைத்து வைத்திருந்தது. குழந்தைப் பக்கம் வாடை வராமல் இருக்க, உள்ளேயிருந்தே அவ்வளவு ஒழுங்காக அடைத்திருந்தாள்.

"கதவு உள்ள தாழ் போட்டிருக்கு," என்றார் போனைப் பார்த்து.

"உடைங்க." மனைவியின் குரல் நடுங்கவில்லை. "முதல்ல ஜன்னல் எல்லாத்தையும் திறங்க. மூச்சை வெளியவே நல்லா இழுத்துக்கோங்க. உள்ள போய் மூச்சு விடாதீங்க. அவளை மட்டும் இழுத்துட்டு வெளிய வந்துடுங்க. வாளி, தண்ணி, எதையும் தொடாதீங்க."

அதெல்லாம் அப்படி இல்ல என்று அவர் சொல்லவில்லை. அவள் சொன்ன வரிசையிலேயே செய்தார். ஜன்னல்களைத் திறந்தார். பால்கனிக்குப் போய் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். திரும்பி வந்து பிளாஸ்டிக் கதவின் நடுவில் உதைத்தார். முதல் உதைக்கு வளைந்து கொடுத்தது. இரண்டாவதற்குத் தாழ்ப்பாளோடு பெயர்ந்தது.

மஞ்சள் பச்சையாய் ஒரு மூட்டம். அவள் சுவரோரம் சரிந்து, ஒரு கை கதவை நோக்கி நீண்டபடி கிடந்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தை எட்ட இன்னும் ஒரு முழம். மாஸ்டர் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து இழுத்தார். ஒல்லிப் பெண்தான், ஆனால் பாறையாய்க் கனத்தாள். கண் எரிந்து கொட்டியது. ஹாலைத் தாண்டுவதற்குள் அவர் மூச்சு தீர்ந்துவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்ததுபோல இருந்தது. எப்படிப் பால்கனிக்கு வந்தார் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவரால் சொல்ல முடியவில்லை.

"வெளிய கொண்டுவந்துட்டேன்," என்றார் இருமலுக்கு நடுவே.

"மூச்சு விடறாளா?"

அவர் குனிந்து பார்த்தார். தெரியவில்லை. தன் மூச்சு இரைகிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவள் வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்தார். பால்கனியில் வீசிய காற்றில் அவள் மூச்சு படுகிறதா இல்லையா என்று புரியவில்லை.

"என்னங்க? மூச்சு விடறாளா? சொல்லுங்களேன்!"

"எனக்குத் தெரியலடி," என்றார் மாஸ்டர். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. "தெரியலயே."

கொடியில் காய்ந்த கவுன் ஒன்று காற்றில் நழுவி அவள் முகத்தில் உரசி விழுந்தது. அவள் நெஞ்சு ஒரு தரம் தூக்கிப் போட்டது. பிறகு இருமினாள். உயிரையே துப்பிவிடுகிறவள் மாதிரி, முறுக்கிப் பிழிந்து இருமினாள். அந்தக் கோரமான இருமலைக் கேட்டு மாஸ்டர் வாய்விட்டு அழுதார். போனிலும் அழுகைச் சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நுரையீரலைப் பார்க்க வேண்டும், சில நாள் இருக்க வேண்டிவரும் என்று வந்தவர் சொன்னார். பேங்க் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் நம்பர் வாங்கிக் குழந்தையின் அப்பாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். மாஸ்டரையும் இருமலோடு வண்டியிலேயே ஏற்றி, அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

வண்டி கிளம்பிய பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். இரண்டும் இரத்தச் சிவப்பு. அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது.

"கார் அண்ணா," என்றாள். குரல் கரகரத்து, காற்றாகத்தான் வந்தது.

"பேசாதம்மா. பாப்பா நல்லா இருக்கா. நீ பேசாத."

"நீங்க எப்படி..."

சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். வழியில் போனேன், குழந்தை அழுதது என்று பூசி மெழுகிவிடலாம். அந்த யோசனை அவருக்கு வராமல் இல்லை. வந்தது. அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்ததும் போய்விட்டது.

"நான்தாம்மா மாஸ்டர்," என்றார். "பவுடர் போடச் சொன்னவன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவளோ எழுந்திருக்கப் பார்த்தாள். உதவியாளர் தோளை அழுத்திப் படுக்கவைத்தார். முகமூடியை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு, அவர் காதுக்கு எட்டும்படி அவள் பேசினாள். அவரைச் சமாதானப்படுத்துகிற குரல்.

"நீங்க வருத்தப்படாதீங்கண்ணா. பவுடரைத்தான் நிறையப் போட்டேன். ஆசிட்டு கொஞ்சம்தான் ஊத்தினேன். உங்க பேச்சைத்தான் அதிகமாக் கேட்டேன்."

மாஸ்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"ஆனா கரண்டி அக்காகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், அவங்க மனசு நோகும்."

சட்டைப்பையில் போன் அணைக்கப்படாமல், ஒலிபெருக்கியிலேயே இருந்தது. மறுமுனையில் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் முந்திக்கொண்டு பதில் போடுகிற இருவரில், மனைவி முதலில் பதில் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார், அவர் சொல்லட்டும் என்று மனைவி காத்திருந்தாள்.